எங்கள் சந்துப் புகை எந்த வரியில் இருக்கிறது?

பல்லரோ, பலெர்மோ

இத்தாலியின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு, ஆய்வு நிறுவனமான இஸ்ப்ராவின் தலைவர் அவர்களுக்கு,

ரோமில் உங்கள் தலைமையகம் இருக்கும் தெருவுக்கு வித்தாலியானோ பிரான்காத்தியின் பெயர். அவர் சிசிலி எழுத்தாளர். நாள்தோறும் எங்கள் தீவுக்காரர் ஒருவரின் பெயரைத் தாண்டித்தான் நீங்கள் அலுவலகத்துக்குள் போகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது, இந்தப் பல்லரோச் சந்தையைச் சுற்றி வாழும் எங்கள் சனங்கள் முதலில் வாசிக்க வேண்டும் என்பதற்காக.

பல்லரோவில் புகைக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்குடலைச் சுற்றிக் கரியில் வாட்டும் ஸ்திக்கியோலாப் புகை மாலையானால் தெருவை நிறைத்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் இந்த ஊரில் எனக்குக் குடியிருப்பு இல்லை. நான் சொல்வது வெக்கை இரவுகளில் குப்பைத் தொட்டி பற்றி எரியும் புகையை. பிளாஸ்டிக், பழப்பெட்டி, பழைய மெத்தை எல்லாம் சேர்ந்த நாற்றம். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தொண்டை எரியும்.

ஆண்டுதோறும் பெப்ரவரி 15-க்குள் நாட்டின் காற்று மாசுக் கணக்கையும், மார்ச் 15-க்குள் அதன் விளக்க அறிக்கையையும் நீங்கள் கொடுக்க வேண்டும். 1979 ஜெனீவா உடன்படிக்கையும் 2016-இன் ஐரோப்பிய ஆணையும் அதைக் கேட்கின்றன. அந்தக் கணக்கு அளந்து வருவதல்ல, பெருக்கி வருவது: ஒரு வேலை எவ்வளவு நடந்தது, அதில் அலகுக்கு எவ்வளவு மாசு கிளம்பும், இரண்டையும் பெருக்கு.

மாட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வயலில் பட்டி அடைத்த காலத்தில், விடியற்காலை எருவின் காரம் கண்ணைக் கரிக்கும். அது அமோனியா என்று அப்போது தெரியாது. மாடு எத்தனை, ஒன்று ஆண்டுக்கு எவ்வளவு நைதரசனைக் கழிக்கிறது, அதில் கொட்டிலிலும் எருக்குவியலிலும் வயலில் பரப்பும்போதும் எவ்வளவு காற்றோடு போகிறது என்று படிப்படியாகக் கணக்குப் பிடிக்கலாம். இத்தாலியின் அமோனியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேளாண்மையிலிருந்துதான் வருகிறது. 2030-க்குள் 2005-இன் அளவிலிருந்து 16 சதவீதம் குறைப்பதாக நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. காதில் இலக்கத் தகடு மாட்டிய பிராணியை எண்ணுவது எளிது.

எரிந்த தொட்டிக்கு இலக்கம் கிடையாது. தோட்டங்களில் என்றால், வெட்டிய ஒலிவக் கிளையை ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 3 ஸ்தேரோ (அடுக்கிய விறகின் கன மீட்டர்) வரை சிறு குவியல்களாக எரிக்கலாம் என்று சட்டம் அளவு சொல்கிறது. வைக்கோல் தாளை வயலிலேயே எரித்தால் உங்கள் கணக்கில் அது வேளாண்மைப் பிரிவு; கத்தரித்த கிளையை எரித்தால் குப்பைப் பிரிவு. கிளைக்கும் தாளுக்கும் வரி உண்டு. எங்கள் சந்துக்கு?

பெல்லோலம்போவைப் பற்றிக் கேட்கிறேன். ஊருக்கு மேலே இருக்கும் அந்தக் குப்பைமேடு 2012 ஜூலை இறுதியில் பற்றி ஆகஸ்டிலும் புகைந்தது. 2023 ஜூலையில், தீவே அனலாய்க் கிடந்த நாட்களில், மறுபடி பற்றியது. இப்படியான தீயில் கிளம்பும் டயொக்சின் நஞ்சைத் தேசியக் கணக்கில் தொன்னில் எழுதுவதில்லை, கிராமில் எழுதுகிறார்கள். அத்தனை நுணுக்கமான கணக்கில் ஒரு பெருந்தீ எந்த ஆண்டில், எந்த வரியில், எந்த அனுமானத்தோடு நிற்கிறது?

இன்னொன்று. நாலு ஆண்டுக்கு ஒருமுறை தேசியத் தொகையைப் பாகையில் பத்திலொரு பங்கு அகலமான கட்டங்களாகப் பிரிக்கிறீர்கள். திறந்தவெளியில் எரியும் குப்பையைத் தலைக்கணக்கில் பிரித்தால், குப்பையை ஒழுங்காகத் தரம் பிரிக்கும் வடக்குப் பொல்சானோக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே பங்குதான் வரும். தரம் பிரித்துச் சேகரிப்பதில் பலெர்மோ கடைசி வரிசையில் நிற்பதை உங்கள் நிறுவனமே ஆண்டுதோறும் குப்பை அறிக்கையில் எழுதுகிறது. அந்த அறிக்கை எழுதும் மேசையிலிருந்து காற்றுக் கணக்கு எழுதும் மேசைக்கு எத்தனை அடி தூரம்?

வேண்டுவது பெரிதல்ல. தீயணைப்புப் படை ஒவ்வொரு அழைப்பையும் பதிகிறது, ஆண்டுப் புள்ளிவிவரமும் வெளியிடுகிறது. அதிலிருந்து குப்பைத் தீயை மாகாணவாரியாக எடுங்கள். தொட்டிக்கு இத்தனை கிலோ என்று ஓர் எண்ணை வையுங்கள். பிழைபட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கணக்கில் வராத தீயை அணைத்ததாக யாரும் பெயர் வாங்க முடியாது, அணைக்காததற்கு யாரும் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இந்த இரண்டாவதுதான் அதிகம் வசதியாக இருக்கிறது.

செப்டெம்பரில் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறும் கூட்டத்தில் எங்கள் ஆட்களைப் பார்க்கலாம். கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று நம்புகிறார்கள். காற்றைப் பற்றி நான் அவளிடம் கேட்கப் போவதில்லை. அது உங்கள் இலாகா.

பதிலை இத்தாலிய மொழியிலேயே எழுதுங்கள். மெதுவாக வாசித்துவிடுவேன். சிக்கலான இடம் வந்தால் இங்கே பிறந்த மகள் இருக்கிறாள்.

இப்படிக்கு,
பல்லரோவில் குடியிருக்கும் ஒரு தமிழர்