எங்கள் வீட்டு நட்சத்திரக்காரி

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் மணி அடித்தால் உங்கள் வீட்டில் என்ன நினைப்பீர்கள்? 'ஐயோ, யாருக்கு என்ன ஆச்சோ' என்று வயிற்றைக் கலக்கும், இல்லையா? எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "உன் மருமகளாத்தான் இருக்கும், எடு" என்று சொல்லிவிட்டு இவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவளேதான். "அத்தை, மேகம் வந்துருச்சுங்க. சும்மா உக்காந்திருக்கேன். தூங்கிட்டீங்களா?" என்பாள்.

என் நாத்தனார் மகள். எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்போம். நங்கையாளுக்கு ஒரே பெண். பெங்களூரில் வானியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். வானியல் என்றதும் நம் பெண்டுகள் "அப்ப என் பையன் ஜாதகத்தைக் காட்டலாமா?" என்று கேட்கிறார்கள். நானும் கேட்டவள்தான்! "அத்தை, அது ஜோசியம். நான் பாக்கிறது நட்சத்திரத்தோட வெளிச்சத்தை" என்று பொறுமையாகச் சொன்னாள்.

சில நட்சத்திரங்கள் மூச்சு விடுவது போல் வீங்கிச் சுருங்குமாம். அதற்கேற்ப வெளிச்சம் கூடிக் குறையும். எத்தனை நாளுக்கொரு முறை அப்படி ஆகிறது என்று கணக்கெடுத்தால் அதன் நிஜமான பிரகாசம் தெரியும். அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்ததே ஒரு பெண். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலை பார்த்த ஹென்ரியெட்டா லீவிட். காது கேட்காதவர். கண்ணாடித் தகட்டில் பிடித்த போட்டோக்களில் புள்ளி புள்ளியாக எண்ணிப் பார்க்கும் வேலை. சம்பளம் மணிக்கு 30 சென்ட். 1912-ல் அவர் வெளியிட்ட கணக்கை வைத்துத்தான் பிற்பாடு மற்ற விண்மீன் மண்டலங்களின் தூரத்தையே அளந்தார்களாம். நாம் அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அந்தப் பொறுமைதான் அங்கேயும் வேண்டியிருக்கிறது!

எங்கள் பெண்ணுக்கு வேலை ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில். அங்கே 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச் 10-ல் உலகம் தெரிந்துகொண்டதே, அந்த ராத்திரி காவலூரிலும் அதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சில சமயம் லடாக்கில் ஹான்லே என்ற இடத்துத் தொலைநோக்கி. அது 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் இவள் அங்கே போவதில்லை. பெங்களூர் பக்கத்தில் ஹொசகோட்டையில் உட்கார்ந்துகொண்டே செயற்கைக்கோள் வழியாக அதைத் திருப்புகிறார்கள். நான் அடுப்படியிலிருந்து மோட்டார் சுவிட்சைத் தட்டத் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்!

சரி, கதைக்கு வருகிறேன். கதை என்றால் என் தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை. சூரிய கிரகணம். சாதாரண கிரகணம் இல்லை, வளைய கிரகணம். சந்திரன் நடுவில் மறைக்க, சுற்றிலும் நெருப்பு வளையல் மாதிரி சூரியன் தெரியும். அந்த வளையம் தெரியும் பாதை ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகவே போனது. அப்போது இவள் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் முன்பே போன் செய்து, "அத்தை, உலகத்துல எங்கெங்கிருந்தோ கோயமுத்தூருக்கு வர்றாங்க. நீங்க வாசல்ல நின்னாப் போதும். அப்புறம் சித்திகிட்டச் சொல்லுங்க, பட்டினி கெடக்க வேண்டாம். தண்ணி குடிக்கோணும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

சித்தி என்று அவள் சொன்னது என் ஓரகத்தியை. அப்போது ஏழு மாதம். என் மாமியார் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நம்ம ஊட்டுல அப்படிப் பழக்கமில்லே." நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி. காலை எட்டு மணிக்கு முன்னாலேயே அவளை உள் அறையில் உட்கார வைத்து, ஜன்னலுக்குப் போர்வை போட்டு, தாழ்ப்பாளைப் போட்டவள் நான்தான். பதினொரு மணி தாண்டிக் கிரகணம் விட்டதும் பச்சைத் தண்ணியில் தலைக்கு ஊற்றச் சொன்னோம். குளியலறையில் 'தொப்'பென்று ஒரு சத்தம்.

அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு... வேண்டாம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "உடம்பில் தண்ணீர் வற்றிப்போய்ச் சர்க்கரை இறங்கிவிட்டது. ஏழு மாசக்காரியை இவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு வைப்பீர்களா?" என்று சத்தம் போட்டார். தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள். அந்தப் பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறது.

ராத்திரி மருமகள் போன் செய்தாள். திட்டுவாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். திட்டவில்லை. "வாசல் வேப்பமர நிழலைப் பாத்தீங்களா அத்தை? இலைச் சந்து வழியா ஆயிரம் குட்டிச் சூரியன் தரையில விழுந்திருக்கும்" என்றாள். அன்றைக்கு நான் தாழ்ப்பாளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாய்க் கேட்க ஆரம்பித்தேன். கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவோமே, அது ஏன் தானாக நிற்கிறது என்றேன். "நாளைக்கு ஒண்ணுமில்லாத நாள்தானே? நிறுத்திப் பாருங்க" என்றாள். மாமியார் தூங்கும் மத்தியானமாகப் பார்த்து நிறுத்தினேன். நின்றது! அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது. பொறுமையாக வைத்தால் எந்த நாளும் நிற்கும். நாம் கிரகணத்தன்று மட்டும்தான் வைத்துப் பார்க்கிறோம்.

கிரகணத்தில் காய் நறுக்கினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்கிறார்களே என்றும் கேட்டேன். அது தன் படிப்பில்லை என்று சொல்லி, டாக்டருக்குப் படித்த தோழியிடம் கேட்டுச் சொன்னாள். பிள்ளையின் உதடு கூடுவதே கர்ப்பத்தின் நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள்ளாம். நமக்கு நாள் தள்ளிப்போனதே சரியாகத் தெரியாத சமயம்! பரம்பரை, சில மருந்துகள், புகை, கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை வியாதி என்று காரணங்கள் இருக்கின்றன. அரிவாள்மணை அதில் இல்லை. இளம் தாய்மார்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சூரிய கிரகணத்தைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் நிஜம். கர்ப்பிணி என்றில்லை, யாருமே பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி, சாணித் தண்ணி எதுவும் ஆகாது. விழித்திரைக்கு வலி தெரியாதாம், அதனால் சுடுவது தெரியாமலே பார்வை போய்விடும். அதற்கென்று விற்கும் கிரகணக் கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சமையலறைச் சல்லடையைப் பிடித்துத் தரையில் விழும் உருவத்தைப் பாருங்கள். குழந்தைகள் குதிக்கும்.

இப்படி நான் கேட்டதையெல்லாம் அவள் சேர்த்து, செல்போனில் இரண்டு மூன்று நிமிஷப் பேச்சாகத் தமிழில் போட ஆரம்பித்தாள். இஸ்ரோ ராக்கெட் விட்டால் அதைப் பற்றி, எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் அதைப் பற்றி, தன் ஆராய்ச்சியில் ஒரு வரி தேறினால் அதையும். எங்கள் ஊர்த் தையல்கடை அக்கா துணி தைத்துக்கொண்டே கேட்கிறார். நல்லது சொல்பவர்களும் உண்டு, "ராத்திரியெல்லாம் மலையில் உனக்கென்ன வேலை, காலாகாலத்தில் கல்யாணம் பண்ணு" என்று எழுதுபவர்களும் உண்டு. பேர் தெரியாதவர்கள் எழுதினால் சிரிப்பாள். அதையே அவள் அம்மா சொன்னால் அழுவாள்.

பேசுவதும் எழுதுவதும் வெட்டி வேலை என்று படித்த இடத்திலேயே சிலர் சொல்கிறார்களாம். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, 2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய சந்திரயான்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். நிலவில் நீர் மூலக்கூறு இருக்கிறது என்று 2009-ல் உலகம் அறிந்தது அந்தக் கலத்தில் போன கருவியால்தான். அவ்வளவு பெரிய வேலைக்கு நடுவிலும் 'கையருகே நிலா' என்று தமிழில் புத்தகம் எழுதவில்லையா? கோவையில் பிறந்த பிரியம்வதா நடராஜன் இன்று அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் பேராசிரியை. பொதுஜனங்களுக்காக அவரும் புத்தகம் எழுதியிருக்கிறார். 2019-ல் விக்ரம் கலம் நிலவில் விழுந்து நொறுங்கியபோது, நாசா எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்த படங்களை உற்றுப் பார்த்து ஒரு சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த என்ஜினீயர் சண்முக சுப்பிரமணியன். அவர் விஞ்ஞானி கூட இல்லை. நாலு பேருக்குக் காட்டினால்தானே ஐந்தாவது ஆள் கண்ணில் படும்?

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. முழுச் சந்திர கிரகணம். மருமகள் லீவில் வந்திருந்தாள். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், ஒன்றும் செய்யாது. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். மேகம் வந்து வந்து மறைத்தது. பதினொரு மணிக்கு நிலா முழுசாய்ச் சிவந்தது. பூமியின் காற்று மண்டலம் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து அனுப்புகிறதாம். மாமியார் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு திண்ணைக்கு வந்தார். பிறகு கட்டிலுக்கே வந்துவிட்டார்.

"புளி போட்டு வெளக்குன செப்புக் கொடமாட்ட இருக்குதே" என்றார்.

"அம்மாயி, சித்தெ தண்ணி குடிங்க" என்று பேத்தி சொம்பை நீட்டினாள். மாமியார் வாங்கிக் குடித்தார்! எனக்கு 2019 ஞாபகம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஓரகத்தியும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்தக் கட்டிலில்தான் மருமகள் விஷயத்தைச் சொன்னாள். பட்டம் முடிந்ததும் இரண்டு வருஷம் வெளிநாட்டில் ஆராய்ச்சி வேலைக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் இன்னோர் ஊர், இன்னோர் இரண்டு வருஷம். நிலையான வேலை கிடைக்கும்வரை இந்தத் துறையில் பிழைப்பு இப்படித்தானாம். அவளுக்கு வயது 28. "அம்மா ஒரே வெசனமா இருக்காங்க அத்தை. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

நான் சொன்னால் நங்கையா கேட்பாரா, தெரியாது. அவர் பயமும் பொய்யில்லை. ஒற்றைப் பெண், தகப்பன் இல்லாத வீடு, திரும்பி வரும்போது முப்பது தாண்டிவிடும். பெண்ணைப் பெற்றவள் வயிறு எரிவதை வெளியில் இருந்து நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனாலும் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நங்கையாள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். என்ன பேசப் போகிறேன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. இவரிடம் சொன்னேன், "போய்ட்டு வா" என்றார். மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணி பஸ்சு? நானும் வர்றேன்" என்றார்.