வெறும் வயிறும் மாதவிடாய் வலியும்

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். மதுக்கூர், அதிராம்பட்டினம், பேராவூரணி பக்கமிருந்து வரும் பஸ்களில் சீருடை அணிந்த பெண்பிள்ளைகள் கூட்டமாக இறங்குவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால் "நேரமில்லை" என்று சொல்பவர்கள் அதில் உண்டு. அந்த வெறும் வயிற்றுக்கும் மாதவிடாய் வலிக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்கின்றன பல ஆய்வுகள்.

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கருப்பையை இறுக்கிச் சுருங்க வைக்கிறது. அதன் அளவு கூடினால் அடிவயிற்றில் வலி, குமட்டல், தலைவலி எல்லாம் வரும். சிறு வயதிலேயே பூப்பெய்தியவர்கள், உதிரப்போக்கு அதிகம் உள்ளவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே வலி இருந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இவற்றை மாற்ற முடியாது. ஆனால் காலை உணவைத் தவிர்ப்பது, மிகக் குறைந்த உடல் எடை, உடற்பயிற்சி இல்லாமை, மன அழுத்தம் ஆகியவையும் வலியோடு சேர்ந்தே காணப்படுகின்றன. இவற்றை மாற்றலாம்!

ஆனால் மாற்ற வேண்டியது யார்? பழி முழுவதையும் பெண்பிள்ளையின் மேல் போடுவது சுலபம். வயதுக்கு வந்த பிறகு "இனி என்ன விளையாட்டு" என்று தடுப்பது வீடுதான். விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பள்ளிக்கூடம்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. பெண்கள் பூப்பெய்துவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்! அந்தச் சாப்பாடு 12ஆம் வகுப்பு வரை வேண்டும்.

வலியைப் பேசாமல் மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தமிழக ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்காகப் பெண்களுக்குப் பெயரே அச்சிடாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டு வந்தது. வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாதம் இரண்டு நாள் என்றால் பத்து மாதப் படிப்பில் இருபது நாள். இவ்வளவு நாட்களை இழக்கும் பெண்ணிடம் "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பது மருத்துவம் அல்ல. வெந்நீர் ஒத்தடம், தினமும் நடை, டாக்டர் சொல்லும் வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது, இவையே பெரும்பாலோருக்குப் போதும். இதற்கும் அடங்காத வலி, மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் வலி, மற்ற நாட்களிலும் வரும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு முன் அவள் சாப்பிட்டாளா என்று கேட்கலாமே!