திறப்புக் கோர்வை யார் கையில்?

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் இப்போது ஒரு பழைய பொருள் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. மயில் உருவம் பொறித்த வெள்ளிக் கொக்கி, கீழே ஒரு வளையம், சுற்றிலும் சின்ன மணிகள். சாவிக்கொத்து என்று பெயர். மணப்பெண்கள் அதைச் சேலை இடுப்பில் செருகிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளையத்தில் ஒரு திறப்பும் இல்லை.

முன்பு அது வெறும் நகையாக இருக்கவில்லை. சேலைக்குப் பை கிடையாது. பெட்டகம், அலுமாரி, களஞ்சிய அறை எல்லாவற்றின் திறப்புகளையும் வீட்டுத் தலைவி அந்த வளையத்தில் கோர்த்து இடுப்பில் செருகிக்கொள்வாள். வங்காளத்துப் பெண்கள் திறப்புகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். நம் நாட்டில் வெற்றிலை போடுபவர்கள் சுண்ணாம்புக் கரண்டகத்தைச் சங்கிலியோடு வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு எடுக்கும் சிறு கரண்டியும் அந்தச் சங்கிலியிலேயே தொங்கும். சிங்களத்தில் அதற்குக் கில்லோட்டய என்று பெயர். யாழ்ப்பாணத்து வேர்களைக் கொண்ட ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இத்தகைய கைவினைப் பொருட்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

ஐரோப்பாவில் இதற்குச் சாட்டலேன் என்று பெயர். கோட்டையின் தலைவி என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் சீமாட்டிகள் இடுப்பிலிருந்து பல சங்கிலிகளைத் தொங்கவிட்டார்கள். கத்தரிக்கோல், ஊசிக்கூடு, விரலுறை, மணிக்கூடு, முத்திரை, திறப்புகள் என்று ஒரு வீட்டை நடத்தத் தேவையான அத்தனையும் அதில் இருக்கும். கைப்பை வந்ததும் சங்கிலி மறைந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது நம் பெரியவர்கள், "பாருங்கள், அந்தக் காலத்திலேயே வீட்டின் ஆட்சி பெண்ணின் கையில்தான் இருந்தது" என்பார்கள். அது பாதி உண்மை என்பதே என் கருத்து. அவள் இடுப்பில் தொங்கியது அரிசிக்கும் எண்ணெய்க்கும் துணிமணிக்குமான திறப்பு. காணி உறுதி எங்கே இருக்கிறது, கடன் எவ்வளவு, வங்கியில் என்ன இருக்கிறது என்பவை பெரும்பாலும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. பழைய ரோமாபுரியில் கணவன் மனைவியை விலக்கும்போது வீட்டுத் திறப்புகளைத் திருப்பி வாங்கிக்கொள்வானாம். நினைத்தால் பறித்துக்கொள்ளக்கூடிய ஒன்றை ஆட்சி என்று எப்படிச் சொல்வது?

நம் மார்க்கம் திறப்பை வேறு விதமாகப் பார்க்கிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கஃபாவின் திறப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. அதைக் காத்துவந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரழி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் அந்தப் பொறுப்பு அவர்களது பனூ ஷைபா குடும்பத்திடம்தான் இருக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கூறும் சூறா நிஸாவின் 58ஆவது வசனத்தை இந்தச் சம்பவத்தோடு தொடர்புபடுத்தி விளக்குவார்கள். திறப்பு என்பது அமானிதம். அது உரியவரிடம் இருக்க வேண்டும்.

உரியவர்களில் பெண்களும் உண்டு. ஒன்றுதிரட்டப்பட்ட குர்ஆன் பிரதி உமர் (ரழி) அவர்களுக்குப் பின் அவர்களது மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடமே பாதுகாப்பாக இருந்தது. உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எடுக்க அதைக் கேட்டு வாங்கி, பின்னர் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். உம்மத்தின் மிகப் பெரிய சொத்தை ஒரு பெண்ணிடம் நம்பி வைத்த சமூகம் நாம். வீட்டு உறுதியை மகளுக்குக் காட்ட ஏன் தயங்க வேண்டும்?

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெறும் பேச்சல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி நம் மக்கள் சில மணி நேரத்துக்குள் இந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் அகதிகளானார்கள். என் மூத்தம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு புத்தளம் போனவர். அந்தத் திறப்பு இன்னும் எங்களிடம் இருக்கிறது. அது பொருந்தும் கதவு இல்லை, கதவு இருந்த சுவரும் இல்லை. காணி மட்டும் இருக்கிறது. அதன் உறுதி எந்த நொத்தாரிசு எழுதியது, இலக்கம் என்ன என்பது மூத்தப்பாவுக்கு மட்டுமே தெரியும். அவர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். அந்த விவரம் இருந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பது இலகு. இல்லாததால் வாப்பா பல நாட்கள் அலைந்தார். மூத்தம்மா நாற்பது வருடம் அந்த வீட்டின் திறப்பை வைத்திருந்தவர். ஆனால் உறுதியை ஒருநாளும் வாசித்துப் பார்த்தவரல்லர்.

சட்டமும் விவரம் தெரிந்தவருக்குத்தான் உதவுகிறது. பத்து வருடம் தடையின்றிக் காணியை ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். போரினால் தம் காணிக்கு வர முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு விலக்குக் கொடுத்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடாதிருக்க அது வழி செய்தது. ஆனால் குறித்த காலத்துக்குள் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. அப்படி ஒரு சட்டம் வந்ததையே அறியாத பெண்கள் எத்தனை பேர்! 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மனைவி திரும்பக் கோரலாம் என்கிறது. பூட்டு நமக்கு எதிரே இருக்கிறது, திறப்பும் இருக்கிறது. அது நம் கையில் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

"படிக்கிற வயதில் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். உயர்தரத்தில் நாங்கள் கணக்கீடு படிக்கிறோம், ஐந்தொகை தயாரிக்கிறோம். இல்லாத கம்பனிகளின் சொத்தும் பொறுப்பும் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டின் சொத்தும் பொறுப்பும் தெரியாது. "கேட்டால் நம்பிக்கையில்லை என்றல்லவா அர்த்தம்?" என்று இன்னும் சிலர் கேட்கலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம் அது. எழுதி வைப்பது நம்பிக்கைக்கு எதிரானது என்றால் அல்லாஹ் அதைக் கட்டளையிட்டிருப்பானா?

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உறுதிகளை எடுத்து மேசையில் வையுங்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், எல்லைகள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மகளின் பெயரில் கணக்கு இருந்தால் வங்கிப் புத்தகம் அவளிடமே இருக்கட்டும். நாளை நிக்காஹ் நடக்கும்போது மஹரும் கைக்கூலியும் பதிவில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அவளே வாசித்துப் பார்க்கட்டும்.

தோழியரே, நாமும் கேட்கப் பழகுவோம். மரியாதையோடு கேட்போம், ஆனால் கேட்காமல் இருக்க வேண்டாம். வெள்ளிக் கொக்கியை வேண்டுமானால் ஆசைக்கு வாங்கி அணிந்துகொள்ளுங்கள். அந்த வளையம் மட்டும் வெறுமையாகத் தொங்க வேண்டாம்.