வாள் வெடித்தால் கூலியில் கழிப்பதா?

சில்லுகள் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய மரம் அரியும் இயந்திரம் கிராமத்துக்கு நல்லதோர் உதவி. காற்றில் சரிந்த மாமரத்தையோ பட்டுப்போன வேம்பையோ மரக்காலைக்கு ஏற்றாமல், விழுந்த இடத்திலேயே பலகையாக்கலாம். ஆனால் வாள் வெடித்து அறுந்ததும் அதன் விலையை இயக்குபவரின் கூலியில் கழிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது அநீதி மட்டுமல்ல, உரிமையாளருக்கே நட்டமுமாகும்.

இவ்வியந்திரத்தின் வாள் இரண்டு சில்லுகளைச் சுற்றி ஓடும் மெல்லிய உருக்குப் பட்டி. தடிப்பு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். 4 மீற்றர் நீளமான வாள் செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் அது இரு தடவை வளைந்து நிமிர்கிறது. மணித்தியாலம் ஒன்றுக்கு 45,000 தடவை! கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் முறிவதுபோல, எந்த வாளும் ஒருநாள் வெடிக்கவே செய்யும். அந்த நாளைத் தள்ளிப்போடுவதே எமது கையில் உள்ளது.

வெடிப்பு எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள். பற்களுக்கு இடையிலுள்ள குழியில் என்றால், பெரும்பாலும் கூர் மழுங்கிய பின்னும் வாளை ஓட்டியிருக்கிறார்கள். அல்லது அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கிறார்கள். பல்லின் நுனியை மட்டும் தீட்டிக் குழியை விட்டுவிட்டாலும், அங்குள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் வளரும். தீட்டும்போது உருக்கு நீலம் பூத்திருந்தால் அது சூட்டினால் கெட்டுவிட்டது. வெடிப்பு வாளின் முதுகுப் பக்கத்தில் என்றால், வழிகாட்டி உருளையின் விளிம்பில் முதுகு உரசுகிறதா என்று பார்க்கவேண்டும்.

தேய்மானத்துக்கு வேறு காரணங்களும் உள. மணலில் இழுத்து வந்த குற்றியின் பட்டையில் ஒட்டிய மண் கூரை விரைவில் தின்றுவிடும். தென்னையும் பனையும் புறவைரம் கொண்டவை; அவற்றிலுள்ள சிலிக்கா பற்களை மழுக்கும். வேலியோரப் பூவரசில் முள்ளுக்கம்பியும் ஆணியும் புதைந்திருக்கலாம். 2009இல் போர் முடிந்தபோதும், அது நடந்த பிரதேசங்களில் பழைய மரங்களுக்குள் செல் சிதறல்களும் சன்னங்களும் தங்கிவிட்டன. இவற்றுக்கு இயக்குபவர் எப்படிப் பொறுப்பாவார்?

கூலியில் கழித்தால் நடப்பது என்ன? அவர் புது வாளை எடுக்கப் பயந்து மழுங்கிய வாளையே ஓட்டுவார். சிறு வெடிப்பைக் கண்டாலும் சொல்லமாட்டார். வாள் ஓட்டத்தில் அறுந்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

எனவே வாளையும் டீசலைப்போல நாளாந்தச் செலவாகக் கணக்கிடுவோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது வாளை மாற்றக்கூடியதாக, கூர் போட்ட வாள்கள் கைவசம் இருக்கட்டும். அரியுமுன் பட்டையைத் தேய்த்துக் கழுவி, உலோகம் உண்டா என்று தேடுவோம். வேலை முடிந்ததும் வாளின் இறுக்கத்தைத் தளர்த்துவோம். சங்கங்கள் பல ஊர்களுக்கும் பொதுவாக ஒரு தீட்டும் இயந்திரத்தை வாங்கி, ஒருவரைப் பயிற்றலாம். வெடிப்பைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தும் தொழிலாளியைப் பாராட்டுங்கள். அவர் காப்பாற்றியது வாளை மட்டுமல்ல.