மஞ்சள் மீட்டரும் மாமனார் மோட்டாரும்

பூட்டு ஊர்க்காரனான எனக்கு ஒரு விஷயம் சின்ன வயசிலேயே தெரியும். டிரங்குப் பெட்டிக்கு வாங்கின பூட்டைக் கொண்டுபோய் குடோனில் தொங்கவிடக் கூடாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர்ப் பெருமையில் நானும் நெஞ்சை நிமிர்த்தியவன்தான். ஆனால் அந்தப் பூட்டுப் புத்தி, மல்டிமீட்டர் வாங்கும்போது வேலை செய்யவில்லை.

வாங்கக் காரணம் டி.வி. ரிமோட். செத்தது செல்லா, ரிமோட்டா என்று வீட்டில் தினம் பட்டிமன்றம். நாகல் நகர் பக்கம் ஒரு கடையில் மஞ்சள் கலரில் ஒன்று, 250 ரூபாய். பி.காம். மனசு குளிர்ந்துபோனது. செல்லில் வைத்தேன். 1.1 வோல்ட். புதுசு என்றால் 1.5-க்கு மேல் காட்டும். "செல்தான் அவுட்!" என்று தீர்ப்பு வழங்கினேன். மனைவி முதல் முறையாக என்னை மரியாதையாகப் பார்த்தாள். சனி பிடித்தது அங்கேதான்.

அடுத்த ஞாயிறு, வேடசந்தூர் பக்கம் மாமனார் தோட்டம். கிணற்றின் 5 எச்.பி. மோட்டார் ஓடாமல் 'உர்ர்ர்' என்று உறுமியது.

"மாப்பிள்ளை, நீங்க கரன்ட் பார்க்கிற மீட்டர் வச்சிருக்கீங்களாமே!"

மகள் முன்கூட்டியே போன் போட்டாச்சு. தெரியாது என்று சொல்ல முடியுமா? கரன்ட் என்றால் ஆம்பியர்; எனவே சிவப்பு ஒயரை '10 ஏ' என்று போட்டிருந்த ஓட்டையில் சொருகினேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து இரண்டு முனைகளையும் நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தம்பிக்குப் பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்களா?"

மோட்டார் மெக்கானிக் அண்ணன்.

"அந்த ஓட்டையில சொருகிட்டா மீட்டர் வெறும் கம்பி மாதிரி. 415 வோல்ட்டுல ரெண்டு ஃபேஸையும் கையில பிடிச்சே ஷார்ட் பண்ணியிருப்பீங்க. பக்கத்துல என்ன போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். 'அன்ஃப்யூஸ்டு.' காப்பாற்ற உள்ளே ஒரு ஃப்யூஸ்கூடக் கிடையாது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் கிளாம்ப் மீட்டரை எடுத்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி ஒவ்வொரு ஒயரையும் சுற்றிக் கவ்வியது. வெட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை. இரண்டு ஒயரில் கரன்ட், மூன்றாவதில் சைபர். மெயினில் ஒரு ஃப்யூஸ் போயிருந்தது. மாற்றியதும் தண்ணீர் கொட்டியது. மூன்றிலும் 7 ஆம்பியர் சொச்சம்.

டீ குடித்தபடி அண்ணன் எடுத்த பாடம் இது:

ரிமோட் செல், பைக் பாட்டரிக்கு 250 ரூபாய் மஞ்சளே போதும். அதோடு கரன்ட் லைன் பக்கம் போகவே கூடாது.

வீட்டு ப்ளக் பாயின்ட், மிக்ஸி, ஃபேன் பார்க்க, ஆயிரத்துக்கு மேல் செலவழித்து நல்ல கம்பெனி மீட்டர். 'பீப்' சத்தம், கப்பாசிட்டர் பார்க்கும் வசதி இரண்டும் இருக்கட்டும். ஃபேன் மந்தமாகச் சுற்றினால் அநேகமாக 2.5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்தான் குற்றவாளி.

தோட்டம், மில், மெயின் போர்டு என்றால் 'கேட் 3, 600 வோல்ட்' என்று போட்டது, உள்ளே செராமிக் ஃப்யூஸோடு. லைனில் திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தாங்கும் தரம் அது. அச்சடிக்க யாராலும் முடியும்; அதனால் பேர் தெரியாத கம்பெனி வேண்டாம். மோட்டார் கரன்ட்டுக்கு கிளாம்ப். மலிவான கிளாம்ப் பலதும் டி.சி. ஆம்பியர் பார்க்காது, கேட்டு வாங்கணும்.

பிரிட்டிஷ் தபால் துறை எஞ்சினீயர் டொனால்ட் மெக்காடி, தனித்தனி மீட்டர்களைச் சுமந்து அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-ல் அது 'ஆவோமீட்டர்' என்று விற்பனைக்கு வந்தது. எந்த ஓட்டையில் சொருகுவது என்ற பொறுப்பை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டார், மனுஷன்!

கணக்கில் டெபிட்டைக் கிரெடிட்டில் போட்டால் அடித்து எழுதிக்கொள்ளலாம். இதில் ஓட்டை மாறினால் அடிபடுவது நாம்தான்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "மோட்டாரை நீங்கதான் சரி பண்ணீங்களாமே? அப்பா ஒரே புகழ்ச்சி!"

நான் மறுக்கவில்லை. மஞ்சள் மீட்டரை ரிமோட் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அதன் எல்லை அதுதான். என்னுடையதும்.