வளர்ப்பதற்கு முன் வளர்வோம்

நட்பின் இயல்பை ஆராயும் நாலடியார், யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, தன்மீது எறியப்பட்ட வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வால் குழைத்து நிற்கும் என்கின்றது அந்நூல். நாயின் நட்பிற்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுவதில்லை. எனினும், அந்நட்பைப் பெறும் மனிதன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் இளைஞர் பலருக்கு நாய் வளர்க்கும் ஆசை உண்டு. ஆசை தவறன்று. ஆயினும், நாயின் வாழ்நாள் ஏறத்தாழ 10 முதல் 13 ஆண்டுகள் என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பிளஸ் டூ மாணவர் ஒருவர் இன்று வாங்கும் குட்டி, அவர் பட்டம் பெற்று, பணியின்பொருட்டு வேற்றூர் சென்று, இல்லறம் ஏற்கும் காலத்திலும் உயிரோடிருக்கும். அப்பொழுது அதனைப் பேணுபவர் யார்? ‘அம்மா பார்த்துக்கொள்வார்’ என்பதே பெரும்பாலும் விடையாகின்றது. தாயின் தோளில் ஏற்றும் சுமையைத் தம் பொறுப்பென்று கூறிக்கொள்ளுதல் முறையாகுமா?

பொறுப்புத் தவறினால் துன்புறுவது நாய் மட்டுமன்று. 2024 மே 5 அன்று ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாடே அவ்வினத்தைப் பழித்தது. நம் கருத்தில், கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி, கயிற்றைப் பிடித்திருக்க வேண்டிய கை எங்கே என்பதுதான்.

எனவே, குட்டியைத் தேடுமுன் இளைஞர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளல் நன்று. ஒரு திங்கள் முழுவதும், நாய் இல்லாமலேயே, காலையும் மாலையும் அரைமணி நேரம் தெருவில் நடந்து பார்க்கட்டும். தேர்வு நாளிலும் அடைமழையிலும் அந்நடை தவறாதாயின் முதற்படி ஏறினார் எனலாம். உணவிற்கும் மருத்துவத்திற்கும் ஆகும் தொகையை அத்திங்களில் தம் கைச்செலவிலிருந்து எடுத்துவைத்துப் பார்க்கட்டும். 1959 இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் சில நாள் தொண்டு புரிந்தால், கைவிடப்பட்ட விலங்கின் கண்களே எஞ்சிய பாடத்தைக் கற்பிக்கும்.

இனத்தைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். பனிநாட்டு ஹஸ்கியைக் கத்திரி வெயிலில் அடுக்ககத்தின் சிற்றறையில் அடைப்பது அன்பாகாது. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டினங்கள் வெப்பத்தைத் தாங்கும். ஆயின் அவற்றிற்கு ஓட இடம் வேண்டும். தெருவிற் பிறந்த குட்டியை எடுத்து வளர்ப்பது இவற்றினும் சிறப்பு. எவ்வினமாயினும், மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் இன்றியமையாதவை. அறிகுறி தோன்றிய பின்னர் அந்நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியது போல் மீண்டும் வெள்ளம் வருமாயின், நாயையும் உடன் அழைத்துச் செல்லும் வழியை முன்னரே எண்ணிவைத்தலும் கடமையே.

வீட்டினுள் நாய் வளர்ப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. வேட்டைக்கும் மந்தைக்கும் வயற்காவலுக்கும் உரிய அனுமதியை நம் பெரியோர் அறிவர். அவ்வாராய்ச்சியில் நாம் இங்குப் புகவில்லை. ஆனால், தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் முகந்து ஊட்டியவரை இறைவன் மன்னித்தான் என்னும் நபிமொழியில் எவருக்கும் ஐயமில்லை. அந்த நாய் அவருடையதன்று என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழியிற் கண்ட உயிருக்கே அத்துணைக் கடப்பாடு உண்டெனில், நாமே விரும்பி அழைத்து வந்த உயிருக்கு எத்துணைக் கடப்பாடு உண்டு!

மாணவச் செல்வங்களே, இவ்வளவும் செய்ய இயலும் என்று உறுதி பிறந்த பின்னரே குட்டியைக் கொணருங்கள். இயலாதெனில், வாசலில் ஒரு சட்டி நீர் வையுங்கள். அதுவும் அறமே.