டயர் ஒன்னும் டி-சர்ட் இல்ல மக்கா!

போன வாரம் எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு செமினார். தலைப்பு "இடைத்தரகர் இல்லாத சந்தை". நண்பன் ஒருத்தன் (பேரு வேண்டாம், படிச்சுட்டு ஹாஸ்டல்ல தேடி வந்து அடிப்பான்) பத்து ஸ்லைடு போட்டு, கடைசி ஸ்லைடுல பெரிய எழுத்துல ஒரு வரி வச்சான். லோக்கல் கடைக்காரன் இருக்குறவரைக்கும் நுகர்வோர் ஏமாந்துக்கிட்டேதான் இருப்பானாம். அதுக்கு அவன் காட்டின உதாரணம் கார் டயர். கடையில 4,600, ஆன்லைன்ல 4,120, வித்தியாசம் யாரு பையில போகுதுன்னு கேட்டான். ஒரே கைதட்டல். நானும் தட்டித் தொலைச்சேன், பக்கத்துல எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?

அந்த 4,600-ம் 4,120-ம் நான் சொல்லி அவன் எழுதிக்கிட்ட நம்பர். கதையோட பாதிய மட்டும் அவன்கிட்ட சொல்லிருந்தேன். மீதிய இங்க சொல்லுதேன்.

டிஸ்கி: நான் எந்த டயர் கடைக்கும் மருமகனோ மச்சினனோ கிடையாது. எங்கப்பா மஞ்சள் போர்டு டிசையர் ஓட்டுதாரு. திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து குற்றாலம், கன்னியாகுமரி, சீசனுக்கு மூணாறு. அந்த வண்டிதான் என் காலேஜ் பீஸ்.

2025 அக்டோபர்ல முன்டயர் ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. டயரோட பள்ளத்துக்குள்ள அங்கங்க குட்டியா ஒரு மேடு இருக்கும், பாத்திருக்கீங்களா? அந்த மேடு மட்டத்துக்கு ரப்பர் வந்துட்டா மிச்சம் 1.6 மில்லிமீட்டர்னு அர்த்தம். அதுக்குக் கீழ போனா சட்டப்படியே ஓட்டக்கூடாது. அப்பா வழக்கம்போல "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்ல"ன்னாரு. ஐப்பசி மழை ஆரம்பிச்சிருச்சு, மூணாறு டிரிப் ஒன்னு வேற புக் ஆகியிருந்துச்சு. நான் விடல.

முதல்ல ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் உண்டு. 165/80 ஆர்14 ஒன்னு 4,600 சொன்னாங்க. எனக்கு உடனே பொறி தட்டிச்சு. டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18-ஆக் குறைஞ்சது 2025 செப்டம்பர் 22. அடக்க விலை 3,600-னு வச்சா பழைய வரியோட 4,608, புது வரியோட 4,248. அப்போ இவங்க சொல்றது பழைய விலை. கேட்டா "தம்பி, இது பழைய ஸ்டாக்கு"ங்காங்க. வரி எப்ப விக்கிறோமோ அன்னைய ரேட்டுதான், ஸ்டாக் எப்ப வந்துச்சுங்கிறது கணக்கே இல்லைன்னு மூணாவது செமஸ்டர் படிச்சவன் கூடச் சொல்லுவான். சொன்னேன். அதுக்கு வந்த பதில்தான் டாப்பு: "பில் வேண்டாம்னா நூறு ரூவா கொறைக்கேன்."

கோவம் தலைக்கு ஏறிருச்சு. வெளிய வந்து, வண்டியில உக்காந்தே போனை எடுத்து, ஆன்லைன்ல 4,120-க்கு ரெண்டு டயர் ஆர்டர் போட்டேன். 960 ரூபாய் மிச்சம்! அப்பா முன்னாடி காலர தூக்கி விட்டுக்கிட்டேன். படிச்ச புள்ளைன்னா சும்மாவா :-)

இதுவரைக்கும்தான் நண்பனுக்குச் சொன்ன பாதி.

ஆறு நாள் கழிச்சு டயர் வந்துச்சு. வீட்டு வாசல்ல ரெண்டு டயரை உருட்டி விட்டுட்டுப் போயிட்டான். இனி என்ன செய்ய? அதை ரிம்முல மாட்ட யார்கிட்டயாவது போய்த்தானே ஆகணும். வண்ணார்பேட்டை பக்கம் ஒரு சின்னக் கடை, அப்பா எப்பவும் காத்து பிடிக்கிற இடம். அண்ணாச்சி எங்களப் பாத்தாரு, டயரப் பாத்தாரு, மூஞ்சி கொஞ்சம் சுண்டிப் போச்சு. ஆனா ஒன்னும் சொல்லல. டயரைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "தம்பி, இதப் படிச்சியா?"ன்னாரு.

பக்கச் சுவத்துல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர். ஒரு டயர்ல 3124. இன்னொன்னுல 1121. முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அதாவது ஒன்னு 2024-ல 31-வது வாரம் செஞ்சது. இன்னொன்னு 2021-ல 11-வது வாரம். என் கையில இருக்கிறது நாலரை வருஷப் பழசு. "புதுசு"ன்னு வாங்கினது. (இந்த நம்பர் நிறைய டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் முழுசா இருக்கும். அந்தப் பக்கம் உள்ள போற மாதிரி மாட்டிட்டா, வண்டிக்கு அடியில படுத்துதான் படிக்கணும். அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே பாத்துருங்க.)

நாலு வருஷம் கிடந்தா டயர் கெட்டுப் போயிருமா? இதை நேர்மையாச் சொல்லிடுதேன், இல்லைன்னா யாராவது வந்து பிடிச்சுக்குவீங்க. வெயில் படாம ஒழுங்கா அடுக்கி வச்சிருந்தா உடனே ஒன்னும் ஆயிராது. மிஷலின் மாதிரி கம்பெனிகள் கூட அஞ்சு வருஷம் ஓடின டயரை வருஷா வருஷம் ஆள் வச்சுப் பாக்கச் சொல்றாங்க, பத்து வருஷம் ஆனா கழட்டிப் போடச் சொல்றாங்க. ஆனா இது எந்தத் தகரக் கொட்டகையில, என்ன வெயில்ல கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ரப்பர் வயசானா இறுகும், இறுகினா ஈரத்துல பிடிப்பு குறையும். ஒரே அச்சுல ஒரு பக்கம் இளசு, இன்னொரு பக்கம் கிழடு. மழையில மூணாறு மலைப்பாதை. அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "நான் மாட்டித் தாரேன், எனக்குக் கூலி வரும். ஆனா மாட்டிட்டா அவன் திரும்ப எடுக்க மாட்டான். யோசிச்சுக்கோங்க."

அவரு வாயத் திறக்காம மாட்டியிருந்தா? எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.

எங்க எகனாமிக்ஸ் பாடத்துல ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒருத்தர் வருவாரு. 1970-ல பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினவரு, 2001-ல நோபல் வாங்கினாரு. விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியலைன்னா நல்ல சரக்கு சந்தைய விட்டே ஓடிரும்னு அவரு வாதம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி 10 மார்க் எழுதினேன். அதே நான் ஆர்டர் போடும்போது தயாரிப்புத் தேதி எங்கன்னு தேடவே இல்ல. அப்புறமா மூணு தளத்துல தேடிப் பாத்தேன், ஒன்னுல கூட இல்ல. வட்டமா படம் இருக்கு, நட்சத்திரம் இருக்கு, தள்ளுபடி இருக்கு, தேதி இல்ல.

சரி, திருப்பி அனுப்பலாம்னா அது ஒரு தனி அக்கப்போர். "தயாரிப்புத் தேதி குறைபாட்டுக் கணக்குல வராது"ன்னு விக்கிறவரு சொல்லுதாரு. தளத்தைக் கேட்டா "நாங்க விக்கல, விக்கிறவர் வேற"ங்காங்க. அதுல பொய் இல்ல. அந்நிய முதலீடு உள்ள சந்தைத் தளம் சொந்தமா சரக்கு வச்சு விக்கக் கூடாதுன்னு 2016-லயே விதி வந்தாச்சு, 2018 டிசம்பர்ல இன்னும் இறுக்கினாங்க. சின்னக் கடைக்காரனைக் காப்பாத்த வந்த விதிதான். ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் நடந்தது என்ன? புகார் சொல்ல ஒரு மூஞ்சி இல்ல. எங்கயோ வேற மாநிலத்துல ஒரு குடோன், அவ்வளவுதான். சாட்டுல பேசின ஆளு அரைமணிக்கு ஒருதரம் மாறினாரு, நான் ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதை சொன்னேன். பணம் திரும்பி வர 17 நாள் ஆச்சு.

அந்த 17 நாள் என்ன பண்ண? 8,240 ரூபாய் மாட்டிக்கிச்சு, வேற டயர் வாங்கக் கையில காசு இல்ல. மூணாறு டிரிப்பை அப்பா இன்னொரு டிரைவருக்கு விட்டுக் குடுத்தாரு. டீசல் போக நாலாயிரம் ரூவா கையில நின்னுருக்கும். போன்ல அவருகிட்ட "நீ போய்ட்டு வா மாப்ள, எனக்கு இங்க சோலி இருக்கு"ன்னு அப்பா சிரிச்சுக்கிட்டே சொன்னத நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தா கூட நல்லாருந்திருக்கும்.

மறுநாள் அண்ணாச்சியே போன் பண்ணினாரு. 4,300 விலையில ரெண்டு டயர், ரெண்டுமே 2025-ல செஞ்சது, ஒரே வாரம். "பணம் அந்தப் பயலுவ குடுக்கும்போது குடுங்க"ன்னாரு. நோட்டுல எழுதிக்கிட்டாரு, அவ்வளவுதான். மாட்டுக்கூலி, வால்வு எல்லாம் அந்த விலையிலயே அடக்கம். வீல் அலைன்மெண்ட், பேலன்சிங் மட்டும் 400. இன்னொரு விசயம் பண்ணினாரு. தேய்ஞ்சது முன்டயர்னா புதுசையும் முன்னாடிதானே போடணும்னு நான் நினைச்சேன். அவரு பின்னாடி இருந்த ரெண்டையும் முன்னாடி மாத்திட்டு, புதுசைப் பின்னாடி போட்டாரு. ஈர ரோட்டுல முன்சக்கரம் வழுக்கினா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெரும்பாலும் பிடிச்சிரும். பின்சக்கரம் வழுக்கினா வண்டியே சுத்திரும், சாதாரண டிரைவரால ஒன்னும் பண்ண முடியாது. டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்றாங்கன்னு அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வாசல்ல உருட்டி விட்டுட்டுப் போனவன் இதையா சொல்லித் தரப் போறான்?

இப்ப செமினார் கணக்குக்கு வருவோம். அண்ணாச்சி கடை: 8,600, கூட 400, மொத்தம் 9,000. ஆன்லைன்: 8,240. வெளி டயரை மாட்ட, வால்வு சேத்து, டயருக்கு 250 வீதம் 500. அலைன்மெண்ட் பேலன்சிங் 400. மொத்தம் 9,140. மக்கா, நீ ஸ்லைடுல போட்ட 960 ரூபாய் லாபம் எங்கடா? 140 ரூபாய் நட்டம்ல இருக்கு! நாலாயிரம் ரூவா டிரிப்பை நான் இதுல சேக்கவே இல்ல. காஸ்ட் அக்கவுண்டிங்ல நீ என்னை விட எட்டு மார்க் கூட வாங்கினவன் வேற.

அடுத்தது அந்த "இடைத்தரகர் கொள்ளை". டயர் விலையை வண்ணார்பேட்டை அண்ணாச்சியா நிர்ணயம் பண்ணுதாரு? இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஆகஸ்ட்ல போட்டு 2022 பிப்ரவரியில வெளியிட்ட உத்தரவு ஒன்னு இருக்கு. 2011-12ல லாரி, பஸ்ஸோட கிராஸ் பிளை டயர் விலையை அஞ்சு பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி ஏத்தினதாச் சொல்லி, 1,788 கோடிக்கு மேல அபராதம் போட்டாங்க. எம்ஆர்எஃப்புக்கு மட்டும் 622 கோடி. 2022 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் திருப்பி ஆணையத்துக்கே அனுப்பி மறுபடி பாக்கச் சொல்லிருச்சு, அதனால குத்தம் உறுதியாச்சுன்னு நான் சொல்ல வரல. கார் டயர் சம்பந்தப்பட்டதும் இல்ல. ஆனா விலை எந்த உயரத்துல முடிவாகுதுன்னு தேடணும்னா அங்க தேடணும். கைக்கு எட்டுற அண்ணாச்சி சட்டையப் பிடிக்கிறது ரொம்ப சுலபம், அதான் பிடிக்கோம்.

இன்னொருத்தன் கேட்டான், "அவரு சர்வீஸுக்குத் தனியா காசு வாங்கிக்கட்டும், டயரை எங்க வாங்கினா அவருக்கு என்ன?"ன்னு. நியாயமான கேள்வி. வாங்கட்டும், நான் தடுக்கல. ஆனா அவரு இப்ப சும்மா செய்யிறதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. காத்து, ஆணி குத்தியிருக்கான்னு ஒரு பார்வை, ஸ்டெப்னில காத்து இருக்கான்னு ஒரு தட்டு, நமக்காகப் படிச்ச அந்த நாலு நம்பர். இதெல்லாம் டயர் லாபத்துல இருந்து வர்ற தர்மம். நாம பத்து பேரும் அவரு கடையில பாத்துட்டு, தட்டிப் பாத்துட்டு, வெளிய வந்து போன்ல ஆர்டர் போட்டா பதினோராவது ஆளுக்கு அவரு எதையும் படிச்சுச் சொல்ல மாட்டாரு.

அதுக்காகக் கடைக்காரங்க எல்லாருக்கும் மாலை போடுறேன்னு நினைக்காதீங்க. என்னை ஆன்லைன் பக்கம் விரட்டினதே ஒரு உள்ளூர்க் கடைதான். "பில் வேண்டாம்னா கொறைக்கேன்"ங்கிற வியாதி இங்க நிறைய பேருக்கு இருக்கு. எங்க சித்தப்பா அப்படித்தான் பில் இல்லாம வாங்கினாரு. மூணே மாசத்துல டயர் சுவரு வீங்கிருச்சு. கம்பெனி ஆளு வந்து பாக்கக் கூட இல்ல, பில் எங்கன்னாங்க, கதை முடிஞ்சுது. இந்த ஒரு விசயத்துல ஆன்லைன்காரனுக்கு நான் மார்க் போடுவேன். கேக்காமலே பில் வரும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற ஊரு ஆணையத்துலயே கேஸ் போடலாம், விக்கிறவன் டெல்லியில இருந்தாலும் சரி. ஆனா பில் இல்லாம எந்த ஆணையத்துல போய் நிப்பீங்க? அண்ணாச்சிமாரே, ஆன்லைன் உங்களைத் தின்னுதுன்னு புலம்புறதுக்கு முன்னாடி பில் புக்கை எடுத்து மேல வைங்க. தேதியை நாங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே காட்டுங்க.

ஆன்லைன்ல விலை பாக்காதீங்கன்னு நான் சொல்லல. பாக்கணும். 18 சதவீதக் கணக்கைக் கையில வச்சுக்கிட்டு கடைக்காரர்கிட்ட பேசணும். சில டயர் கம்பெனிகள் தங்களோட தளத்துலயே பணம் வாங்கிட்டு டீலர் கடையில மாட்டித் தர்றாங்க, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஏன்னா அங்க ஒரு கடை இருக்கு, ஒரு மூஞ்சி இருக்கு. என் சண்டை வாசல்ல வந்து விழுற டயரோட மட்டும்தான். டி-சர்ட் சைஸ் சரியில்லைன்னா தம்பிக்குக் குடுத்துரலாம். 85-ன்னு போட்ட டயரு ஒவ்வொன்னும் 515 கிலோ தாங்கணும், உள்ள ஏழு பேர அடைச்சுக்கிட்டு எங்கப்பா மலை ஏறுவாரு (அஞ்சு பேருக்கு மேல ஏத்தாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டாரு, அது வேற பதிவு).

பணம் திரும்பி வந்த அன்னைக்கே அண்ணாச்சி கடைக்குப் போய்ப் பாக்கியக் குடுத்துட்டேன். நோட்டுல கோடு போட்டு அடிச்சாரு. பில்லும் கேட்டு வாங்கிட்டேன், எழுதும்போது லேசா முறைச்சாரு. முன்னாடி இருக்கிற ரெண்டும் அடுத்த சீசனுக்குள்ள மாத்தணும். சொல்லி வச்சிருக்கேன். தேதி பாத்துட்டுத்தான் மாட்ட விடுவேன்னும் சொல்லி வச்சிருக்கேன்.